பீரோவுக்குள் வைஃபை

பள்ளியை முடித்து நாற்பது ஆண்டு ஆனதற்கு நினைவு மலர் போடுகிறீர்களாம். ஒவ்வொருவரைப் பற்றியும் அவரவர் வீட்டம்மா இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். நோட்டீஸ் அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை கேட்டார். எந்நேரமும் பள்ளிச் சுவரில் எதையாவது ஒட்டிக்கொண்டே திரிந்ததால் அவருக்கு அந்தப் பெயர் என்று கேள்வி. என் வீட்டுக்காரருக்கு நீங்கள் வைத்த பெயர் பெட்டி. ஜாமெட்ரி பாக்ஸுக்குக் குட்டிப் பூட்டு போட்டுக்கொண்டு வந்த ஒரே பையன் என்று இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு உங்கள் உங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நான் அந்தப் பெட்டியோடு இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். அதனால் இது இரண்டு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஆலையில் ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டு வேண்டுமென்றாலும் சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, எடுத்த நேரம் குறித்துத்தான் கொடுப்பார். ஆலைக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனிதர் சாயங்காலம் சட்டையைக் கழற்றுகிற மாதிரி அந்தப் புத்தியையும் கழற்றி மாட்ட வேண்டாமா? எங்கள் வீட்டில் டிவி ரிமோட், பேட்டரி, போன் சார்ஜர், கத்திரிக்கோல் எல்லாம் பீரோவுக்குள். சாவி அவர் இடுப்பில்.

"என்னங்க, கத்திரிக்கோல் குடுங்க."

"எதுக்கு?"

"நூல் வெட்ட."

"எவ்வளவு நூல்?"

இப்படியே இருபத்திரண்டு வருஷம். பல்லால் நூலைக் கடித்துக் கடித்து என் முன்பல் தேய்ந்துவிட்டது. இது பேச்சுக்குச் சொல்வதில்லை, பல் டாக்டரே சொன்னார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பீரோ என்னுடையது. எலக்ட்ரிக்கல் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து நான் முதல் சம்பளம் வாங்கிய மாதம் என் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்தது. பச்சை நிறம், உள்ளே நாலு தட்டு. கல்யாணமாகி ஒரே மாதத்தில், "உன் துணியை அலமாரில அடுக்கிக்க, எனக்கு ஃபைல் வெக்க இடம் வேணும்" என்று எடுத்துக்கொண்டார். என் துணி இன்றுவரை மூடாத அலமாரியில் தூசி குடித்துக்கொண்டிருக்கிறது.

இரும்பு பீரோவுக்கு எப்போதும் இரண்டு சாவி வரும். ஒன்று அவர் இடுப்பில். இன்னொன்றை அப்பா என் உள்ளங்கையில் வைத்து மூடி, "இது உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார். அது என் ஊசிநூல் டப்பாவின் அடியில், பட்டன்களுக்குக் கீழே கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. பயத்தில் என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடும், மறுநாளே பூட்டை மாற்றிவிடுவார். ஆக, அந்தச் சாவி ஒரே ஒரு தடவைதான் செல்லும். அந்த ஒரு தடவை எதற்கு என்று இருபத்திரண்டு வருஷம் கறுவிக்கொண்டு காத்திருந்தேன்.

இப்போது மாடிக்குப் போவோம். மாடியில் இருப்பவள் என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை. அவரைவிடப் பதினாலு வயது சின்னவள். நாற்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். மாமனார் கடைசி ஆறு வருஷம் கீழே முன்னறையில் படுக்கையில் கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு காலிங் பெல் பட்டன், அதன் மணி மாடியில் பாப்பாவின் தலைமாட்டில். எத்தனை தடவை அடித்தாலும் ஓடி வந்தவள் அவள் ஒருத்திதான். மகன் அதே வீட்டில்தான் இருந்தார், அவருக்கு அந்த மணி கேட்கவே கேட்காது. மாமனார் போகும்போது கீழ்வீட்டை மகனுக்கும் மாடியை மகளுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அன்று தொடங்கியது என் வீட்டுக்காரரின் பொருமல்.

பாப்பாவின் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். காது கேளாத மாணவர்களுக்காக, வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச அதை டைப் செய்வாள். அவள் மாடியில் தட்டுவது எங்கேயோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் திரையில் வரியாக ஓடும். இப்போது அவளிடம் இருப்பது மருந்தாளுநர் படிப்பு படிக்கிற ஒரு பெண். "ஒரு வார்த்தை விட்டுப்போனா ஐம்பது மில்லிகிராம் ஐநூறாயிடும் அண்ணி" என்பாள். கேட்டதைக் கேட்டபடி போட வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஒரு பருவத்தில் மூன்று தடவை லைன் அறுந்தால் வேலை போய்விடும். வேலை போனால் அவளால் மாடியில் தனியாகக் காலம் தள்ள முடியாது. மாடி காலியாகும். இது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வீட்டு இன்டர்நெட் அவர் பெயரில். இரண்டாவது லைன் வேண்டுமென்றால் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று நெட் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். "யோசிச்சு சொல்றேன்" என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். போன் சிக்னலும் எங்கள் தெருவில் சரியாக எடுக்காது. சரி, இருக்கிற வைஃபையாவது மேலே வருகிறதா? எப்படி வரும், அந்த ரவுட்டரைத்தான் தூக்கி என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாரே! ஆலையிலிருந்து ட்ரில் மெஷின் கொண்டுவந்து, என் அப்பா வாங்கிய பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே விட்டிருந்தார். கேட்டால், "திருட்டுப் போயிடும்." அவர் கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நேராக ஒயர் போனதால் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பாப்பா சாக்பீஸால் படிக்கட்டில் படிக்குப் படி வேகத்தை எழுதிவைத்தாள். கீழ்ப் படியில் பதினொன்று. ஒன்பதாவது படியில் ஆறு. பதினேழாவது படியில் ஒன்று. அறைக்குள் போனால் அதுவும் இல்லை. சேர்த்த காசில் பூஸ்டர் வாங்கி மாடி அறையில் வைத்தாள், வராத சிக்னலை அது எங்கிருந்து பெருக்கும்? மாடிப்படி திருப்பத்தில் செருகினால் கொஞ்சம் வந்தது. "இது பொது கரண்ட்டு" என்று இவர் பிடுங்கிப் போட்டார். மறுநாள் ஈரத்துணியால் படியைத் துடைத்துச் சாக்பீஸ் எழுத்தையும் அழித்தார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத கை அது!

பாப்பா புகார் கொடுத்து லைன்மேன் வந்தார். மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார்.

"டப்பா எங்க சார் இருக்கு?"

இவர் பீரோவை மறைத்துக்கொண்டு நின்று, "உள்ள இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

லைன்மேன் பீரோவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "சார், இரும்புக்குள்ள வெச்சு மூடினா சிக்னல் எப்படி வெளிய வரும்? வீட்டுக்கு நடுவுல, உயரத்துல, திறந்த இடத்துல வைங்க. மாடிப்படி சுவத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டுங்க, போதும்."

"என் வீட்ல எதை எங்க வெக்கணும்னு எனக்குத் தெரியும்."

வாசலில் செருப்பைப் போடும்போது லைன்மேன் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மேல ஒரு ஒயர் இழுத்துட்டீங்கன்னா இந்த மனுஷன் தயவே வேணாம். சுவத்துக்குள்ள பழைய பைப் ஏதாவது போகுதா பாருங்க."

எனக்கு அப்போதே அந்தக் காலிங் பெல் ஞாபகம் வந்தது. ஆனால் ஒயரின் மறுமுனை ரவுட்டரில் செருக வேண்டுமே. ரவுட்டர் பீரோவுக்குள். அன்றைக்கும் சாவியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் பெரிதாக எதற்காவது வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை லைன் அறுந்தது. இரண்டும் வகுப்பு நடுவில், இரண்டும் இவர் ஆலையில் இருந்த நேரம். "நான் வேலைல இருந்தேன், எனக்கென்ன தெரியும்" என்றார். பாப்பாவும், "அண்ணா பாவம் அண்ணி, அவருக்கு இதெல்லாம் புரியாது" என்று அவருக்கே பரிந்து பேசினாள். அதுவரை அறை வாசலில், பதினேழாவது படியில் சமாளித்தவள் ஒன்பதாவது படிக்கு இறங்கி உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினாள். ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை இவருக்கு லீவு. மொட்டை மாடியில் தொட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று படியேறினார். பாப்பா காதில் ஹெட்போனோடு டைப் செய்துகொண்டிருந்தாள். அவள் மடிக்கு மேலாகக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார். சொந்தத் தங்கையை! தாண்டி நின்று திரும்பி, "வழில உக்காந்தா மனுஷன் எப்படி நடக்கறது? முடியலன்னா விட்டுடேன் பாப்பா. லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், நல்லா இருக்கும்" என்றார். பாப்பாவின் விரல்கள் நிற்கவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை, டைப் செய்துகொண்டே இருந்தாள்.

கடைக்குக் கிளம்பிக் கீழே நின்று பார்த்த எனக்கு ரத்தம் கொதித்தது. ஊசிநூல் டப்பாவைக் கவிழ்த்துப் பட்டன்களைத் தள்ளிச் சாவியை எடுத்தேன்.

மறுநாள் செவ்வாய், என் கடைக்கு விடுமுறை. பழைய பெல் பைப் வழியாக மேலே ஒயர் இழுக்கப் போகிறோம் என்று பாப்பாவிடம் சொல்லிவைத்தேன். அவர் ஆலைக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். ஒரே திருப்பில் திறந்தது, அப்பா நல்ல பீரோவாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறார். மேல்தட்டில் ஃபைல்களுக்குப் பின்னால் ரவுட்டர் சூடாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பிளக்கைத் தேடி ஒயரோடு கையைக் கொண்டுபோனேன். பிளக் நேராக போர்டில் இல்லை. நடுவில் ஒரு வெள்ளை டப்பா. சின்னத் திரை, நாலு பட்டன்.

எனக்கு அதைத் தெரியாதா? பதினாறு டஜனாவது விற்றிருப்பேன். தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற டைமர் அது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று சொல்லிவைத்தால் தானாக நிறுத்தும். பட்டனை அமுக்கிப் பார்த்தேன். புதன், பதினொன்று இருபது, ஆஃப். பதினொன்று இருபத்திரண்டு, ஆன். புதன் பதினோரு மணிக்குப் பாப்பாவுக்கு வகுப்பு. அது மூன்றாவது தடவையாக இருந்திருக்கும்.

கஞ்சத்தனம், பிடிவாதம், அறியாமை என்று நான் நினைத்ததெல்லாம் இல்லை. மனிதர் ஆலையில் உட்கார்ந்துகொண்டே தங்கையின் சோற்றைத் தட்டிவிட ஆள் வைத்திருக்கிறார், அதுவும் என் பீரோவுக்குள்ளேயே.

"அண்ணி, ஆரம்பிக்கலாமா?" என்று மேலிருந்து குரல் கொடுத்தாள் பாப்பா. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டைமரை என் பையில் போட்டுக்கொண்டு ரவுட்டரை நேராக போர்டில் செருகினேன். காலிங் பெல் பட்டனைக் கழற்றி, பழைய பெல் ஒயரின் நுனியில் புது லேன் கேபிளைக் கட்டி, டேப் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவினேன். மேலே அவள் இழுக்க, கீழே நான் ஊட்டினேன். வளைவில் சிக்கியது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பாப்பா" என்று கத்தினேன். வந்துவிட்டது. கேபிளின் இரண்டு முனையிலும் எட்டுக் கம்பியை நிற வரிசையில் அடுக்கிப் பிளக்கைப் பொருத்தியது நான்தான். கடையில் அத்தனை வருஷம் சும்மாவா நின்றேன்? கீழ்முனையைப் பீரோவின் ஓட்டை வழியாக ரவுட்டரில் செருகினேன், மேல்முனையைப் பாப்பா லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். வேகம் தொண்ணூற்று நாலு. அந்தப் பூஸ்டரையும் அதே ஒயரில் மாட்டினாள், மாடி முழுக்க வைஃபை வந்தது. அவள் அறைக்கு நடுவில் நின்று குழந்தை மாதிரி கையைத் தட்டினாள். மாமனாரின் மணி போன வழியிலேயே அது வந்தது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

புதன் சாயங்காலம் இவர் வந்ததும் வராததுமாக மாடியைப் பார்த்து, "பாப்பா, இன்னைக்கு கிளாஸ் எப்படி?" என்றார். பிறந்ததிலிருந்து கேட்காத கேள்வி!

"ரொம்ப நல்லா போச்சு அண்ணா!"

முகம் செத்துவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னையே பார்த்தார். கேட்க வேண்டும், ஆனால் எப்படிக் கேட்பார்? டைமர் எங்கே என்று கேட்டால் டைமர் எதற்கு என்று வரும். யார் திறந்தது என்று கேட்டால் உள்ளே என்ன இருந்தது என்று வரும். நாலு நாள் மனிதர் வாயைத் திறக்கவில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், செருப்பு ஸ்டாண்டைக் குடைந்தார், அரிசி டப்பாவில்கூடக் கை விட்டார். நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீடியோ காலில்தான் நோட்டீஸ் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள்.

"தங்கச்சி, பெட்டியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா. எல்லா வீட்லேர்ந்தும் வந்தாச்சு, உங்க வீடுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"கண்டிப்பா அண்ணா. ஒண்ணு விடாம எழுதறேன்" என்றேன்.

அப்போது இவர் முகம் அப்படியே உறைந்து நின்றதே, நெட் ஸ்லோ என்று நினைத்து எல்லோரும் சிரித்தீர்களே? அன்று நெட்டில் ஒரு கோளாறும் இல்லை.

தினமும் சாயங்காலம் அவர் கண்ணெதிரே உட்கார்ந்து எழுதினேன். திங்கள் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய் இரண்டு தடவை பக்கத்தில் வந்து கனைத்தார். புதன்கிழமை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன எழுதற?"

"உங்களைப் பத்தித்தான்."

"எதுவரைக்கும் வந்திருக்க?"

"டைமர் வரைக்கும்."

தண்ணீர் குடித்தார். "அது... மோட்டாருக்கு வாங்கினது."

"மோட்டாருக்கா? புதன்கிழமை பதினொண்ணு இருபதுக்கு ரெண்டே நிமிஷம் நிக்கற மோட்டார் எதுங்க? நானும் அந்தக் கடைலதான் வேலை பாக்கறேன், எங்கிட்டயேவா?"

தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள், இல்லை. "அனுப்பிடாத. என் மானமே போயிடும். நாப்பது வருஷப் பழக்கம்" என்றார்.

"சரி. ரெண்டு வேலை செய்யுங்க. பீரோவைக் காலி பண்ணிட்டு ரவுட்டரை மாடிப்படி சுவத்துல மாட்டுங்க. அப்புறம் மேல போயி, செஞ்சதை உங்க வாயால பாப்பாகிட்ட சொல்லுங்க. செஞ்சா அனுப்ப மாட்டேன். வாக்கு."

முதல் வேலையை அன்றே செய்தார். ரவுட்டர் இப்போது படிக்கட்டுத் திருப்பத்தில், உயரத்தில், எல்லோரும் பார்க்கத் தொங்குகிறது. என் துணி பீரோவில் ஏறிவிட்டது. இரண்டு சாவியும் என் வளையத்தில். இரண்டாவது வேலைக்கு வியாழன் சாயங்காலம் ஆயிற்று. படியேறினார். ஒன்பதாவது படியில் கொஞ்சம் நின்றார், கீழிருந்து எனக்குக் கேட்டது. பிறகு ஏறிப்போனார். கால் மணி நேரத்தில் இறங்கி வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாப்பா அன்று கீழே வரவே இல்லை.

இதுவரை எழுதியதை மடித்து டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். வாக்கு என்றால் வாக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் பாப்பா இறங்கி வந்தாள். முகம் வீங்கியிருந்தது, குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இவர் மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, மலருக்கு எழுதினதை அனுப்பிட்டீங்களா?"

"இல்ல பாப்பா. அனுப்ப மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"நீங்கதான் குடுத்தீங்க. நான் யாருக்கும் எதுவும் குடுக்கல." கையை நீட்டினாள். "இங்க குடுங்க, நான் டைப் பண்றேன்."

"பாப்பா..." என்றார் இவர்.

"கிளாஸ் பதினோரு மணிக்குத்தான் அண்ணா. அதுக்குள்ள முடிச்சுடுவேன்."

அவ்வளவுதான். இப்போது நான் மாடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளைச் சொல்லச் சொல்ல அவள் டைப் செய்துகொண்டிருக்கிறாள். "எங்கயாவது கொஞ்சம் குறைச்சுக்கறியா பாப்பா? உங்க அண்ணன்தானே" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். அதையும் டைப் செய்துவிட்டாள். கீழே பெயர் போட வேண்டுமாம். பெட்டியின் மனைவி, பெட்டியின் தங்கை என்று இரண்டையும் போடு என்றேன். இப்போது அனுப்பப் போகிறாள். மாடியிலிருந்துதான். ஒரு நொடிகூட ஆகாது.